அவினாசியப்பனின் மிச்சம்

எங்க மில் லைன்ல, மில்லு ஆளுங்களுக்குக் கட்டுன வரிசை ஊடுகள்ல, போனவங்க போகாம இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சுங்க. மில்லு மூடி, சங்கு ஊதறது நின்னு, பாதிப் பேரு ஊட்ட வித்துட்டுப் போயி, மீதிப் பேரு தையல் மிஷினும் கிரைண்டரும் போட்டுப் பொழச்சுக்கிட்டு இருந்த சமயத்துல, கேபிள் சென்னியப்பன் தண்ணித் தொட்டி மேல ஒரு வெள்ளைப் பெட்டியக் கொண்டாந்து கட்டி, இனிமே லைன் பூராவும் வைஃபைதான்னு சொன்னாரு. கெழக்கால பேக்கரி, மேக்கால சாக்கடைப் பாலம், அதுக்குள்ள இருக்கற அத்தனை போனுக்கும் அந்தப் பெட்டி எட்டும். பாலத்தத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா எட்டாது. கொஞ்ச நாள் ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காத்தால கம்பெனிக்காரன் பெட்டிக்குள்ள என்னமோ புது சாப்ட்வேர ஏத்தியுட்டான்.

அன்னைக்குத்தான் என்ர ஊட்டுக்காரர் வழக்கம்போல டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு, "வர்றேன் ருக்கு"ன்னு சொல்லிப் பாலந்தாண்டிப் பஸ் ஏறிப் போனாரு. நான் கதவச் சாத்திட்டுத் திரும்பிப் பாத்தா, கட்டல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. பஸ் போயிருச்சாங்கன்னு கேட்டேன். நான் எங்க போனேன்னு கேட்டாரு. சரி, லீவு போட்டாராட்ட இருக்குதுன்னு டீ வெச்சுக் குடுத்துட்டு நான் மிஷின்ல உக்காந்துட்டேன். பொழுதோட யாரோ கதவத் தட்டறாங்க. தெறந்தா அவரேதான், காலி டிபன் பாக்ஸோட நிக்கறாரு. உள்ள வந்தாரு, கட்டல்ல உக்காந்திருந்தவரு மேலயே போயி உக்காந்தாரு, ரெண்டும் ஒண்ணாச்சு. ஒண்ணானதும் சொன்ன மொத வார்த்தை, டீல சக்கரை கம்மி.

எங்கூட்டுல மட்டுமில்லீங்க. ஊட்டுக்கு ஊடு இதே கதைதான். பள்ளிக்கூடம் போன புள்ளைங்க பாதி போர்வைக்குள்ளயே கெடந்துச்சு. பக்கத்துத் தெருவுலருந்து டீ குடிக்க வந்த ஆம்பளைங்க எந்திரிச்சுப் போன பொறவும் பேக்கரி பெஞ்சுல உக்காந்து அரசியல் பேசிக்கிட்டு இருந்தாங்க. யாரு எங்கருந்து போக மனசில்லாம போனாங்களோ அங்க அவங்கள்ல ஒரு பங்கு தங்கிப்போச்சு. அதுக்கு நாங்க மிச்சம்னு பேரு வெச்சோம். மிச்சம் சாப்புடும், பேசும், சிரிக்கும், பையில போனு வரைக்கும் வெச்சிருக்கும். ஆனா பாலத்தத் தாண்டாது. அங்க போயி நின்னா கால் தானா ஊட்டப் பாத்துத் திரும்பிக்கும்.

சென்னியப்பனப் புடிச்சு என்னண்ணா இதுன்னு கேட்டோம். அவரு போன நோண்டிக் கம்பெனிக்காரன் போட்டிருந்ததப் படிச்சுச் சொன்னாரு. எல்லைய உட்டுப் போனவங்க தொடர்ந்து இருக்கறதாக் காட்டலாம், இது தெரிஞ்ச கோளாறு, அடுத்த சாப்ட்வேர்ல சரி பண்ணிருவோம், அது வரைக்கும் மாத்துவழி, பெட்டிய அணைச்சுப் போடுங்க.

தெரிஞ்ச கோளாறுன்னு கேட்டதும் எங்களுக்கு உசுரு வந்துச்சு. தெரியாத கோளாறா இருந்தா பூசாரியக் கூப்புடணும், மந்திரிக்கணும், கடா வெட்டணும். எங்கயோ ஏசி ரூம்புல உக்காந்திருக்கறவனுக்கே தெரிஞ்ச கோளாறுன்னா நாம எதுக்குப் பயப்படோணும், அவனவன் சோலியப் பாப்போம்னு எல்லாரும் கலைஞ்சு போயிட்டோம். போகும்போதே நாலஞ்சு பேரு அங்கயே மிச்சமா நின்னாங்க.

பழகிட்டா எதுவும் பழக்கம்தானுங்க. மேட்ச் நடக்கற அன்னைக்கு மட்டும் பெட்டி மேல பாரம் ஏறி மிச்சமெல்லாம் மெதுவாயிரும். சோறு போடட்டுமான்னு டாஸ் போடும்போது கேட்டா, போடுன்னு பதில் வர்றதுக்குள்ள மொத ஆட்டம் முடிஞ்சிருக்கும். மழை பேஞ்சா பேச்சு விட்டு விட்டு வரும். ஓட்டுக் கேக்க வந்த கவுன்சிலர் எல்லா ஊட்டுலயும் கையெடுத்துக் கும்புட்டு, கண்டிப்பா மறுபடி வர்றனுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்களும் ஆசையா வாசல்ல நின்னு பாத்தோம். ஒரு பொட்டு மிச்சம் நிக்கலீங்க, செருப்புத் தடம் கூட இல்ல.

வந்து தங்கற ஒறம்பரைங்கதான் பெரும்பாடு. என்ர நங்கையா, அதாவது ஊட்டுக்காரரோட அக்கா, ஈரோட்டுலருந்து நோம்பிக்கு வந்து, இருந்து, பலகாரம் கட்டிக்கிட்டு, வர்றேன் வர்றேன்னு வாசல்ல நின்னு அரை நாள் பேசிட்டுத்தான் போனாங்க. உள்ள வந்தா சோபாவுல காலு மேல காலு போட்டு உக்காந்து, ரசத்துல பூண்டு பத்தலைன்னு சொல்றாங்க. ஈரோட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டா அங்கயும் இருக்காங்க. நான் யாருகிட்டப் போயி அழுகறது.

அப்பத்தான் பேக்கரிக்காரர் ஒரு விஷயத்தக் கண்டுபுடிச்சாரு. நம்ம சனம் கெளம்பும்போது போறேன்னு சொல்லாதுங்களே, சொன்னாச் சாவுக்குச் சொன்ன மாதிரின்னு வாயப் பொத்துவாங்களே, வாசப்படியத் தாண்டும்போதும் வர்றேன்னுதானே சொல்லுவோம். அந்த வர்றேன்தான் பெட்டியக் கொழப்புதுன்னாரு. வர்றேன்னு சொன்னவனுக்கு எடம் புடிச்சு வெக்குதாம். சோதிச்சுப் பாக்கறதுக்கு ஒருத்தரு எந்திரிச்சு, நான் போறேன்னு சத்தமாச் சொல்லிட்டுப் போனாரு. பெஞ்சு சுத்தமா இருந்துச்சு. அன்னையிலருந்து லைன்ல யாரு கெளம்புனாலும், போறேன், நானும் போறேன், எல்லாருமாப் போறோம்னுதான் பேச்சு. பொண்ணு பாக்க வந்த ஒரு குடும்பம் போறோம்னு சொல்லிட்டுப் போனதுல சம்பந்தமே முறிஞ்சு போச்சு. அது அவங்க பாடு.

இதுக்கெல்லாம் மசியாதவ ஒருத்திதான், எங்க பக்கத்து ஊட்டுத் துளசிமணி.

துளசிமணி கிரைண்டர் போட்டு மாவு விக்கிறவ. அவ புருசன் அவினாசியப்பன், பெட்டியில அந்தக் கோளாறு வந்த புதுசுலயே, ஒரு நாள் காத்தால பெரிய பையத் தோள்ல போட்டுக்கிட்டு, சித்தெ நேரத்துல வந்தர்றேன் துளசின்னு சொல்லிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிப் போனாரு. சித்தெ நேரத்துக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பைன்னு நானே மனசுக்குள்ள கேட்டேன். போனவரு போன மாத்திட்டாரு, நம்பர மாத்திட்டாரு, அங்க வேற ஒரு குடும்பம்னும் காதுல விழுந்துச்சு. ஆனா பாலத்து மேல நின்னு தொட்டிப் பக்கமா ஒருக்காத் திரும்பிப் பாத்தாரு, அத நான் என்ர கண்ணால பாத்தேன். அந்தத் திரும்பிப் பாத்த பங்குதான் ஊட்டுல மிச்சமா நின்னுச்சு.

துளசி உள்ள அழுதுக்கிட்டு இருந்திருக்கா. மிச்சம் உள்ள வந்து, கிரைண்டர் பக்கத்துல குந்தி, உப்புப் போட்டாச்சான்னு கேட்டுச்சாம். உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னே தெரியாத மனுசனுங்க அவினாசியப்பன். அந்த ஒரு கேள்வியிலயே துளசி அழுகைய நிறுத்திட்டா.

அதுக்கப்புறம் மிச்சம் மாவு அரைச்சுது, பாக்கெட் கட்டுச்சு, சாய்ங்காலமானா வாசல்ல உக்காந்து துளசிகூட வெட்டிப் பேச்சுப் பேசுச்சு. மேட்ச் அன்னைக்கு அவ கேட்ட கேள்விக்கு மறுநா பதில் சொன்னாலும், அதுக்கு முன்னால இருந்தவரு எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னவரில்லைன்னு அவளுக்கு அதுவே பெருசா இருந்துச்சு. அவ மொகம் தெளிஞ்சுது. மல்லிப்பூ வெச்சுக்கிட்டா. எனக்குச் சந்தோசமாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு, ரெண்டும் நெசம்.

ஆனா அவளுக்கு ஒரே ஒரு பயம். பெட்டி அணைஞ்சா மிச்சம் போயிரும். மத்தவங்களுக்குப் போனா மறுநா வரும், ஏன்னா போறவரு தெனமும் போறாரு. அவினாசியப்பன் ஒருக்காத்தான் போனாரு. அதனால கரண்ட் போனாலும் பெட்டி அணையக் கூடாதுன்னு, பழைய கார் பேட்டரி ஒண்ண வாங்கித் தொட்டியடியில வெச்சு, சென்னியப்பனக் கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டிக்கு ஒயர் இழுத்தா. தெனமும் காத்தால கோலம் போட்ட கையோட போயி அந்தப் பேட்டரியத் தொட்டுப் பாத்துட்டு வருவா.

என்ர நங்கையா தொல்லை பொறுக்காம நானே ஒரு நாள் சென்னியப்பன்கிட்டப் போயி, கம்பெனிக்காரன் சொன்ன மாதிரிப் பெட்டிய ஒருக்கா அணைச்சுப் போடுங்கண்ணான்னு சொல்லிட்டேன். அவரும் ஏணியில கால வெச்சுட்டாரு. துளசி மாவுக் கையோட ஓடியாந்து ஏணியப் புடிச்சுக்கிட்டா.

"அண்ணா, அந்தப் பெட்டியத் தொட்டீங்கன்னா உங்க ஊட்டுக்கு மாவு கெடையாது. உங்க ஊட்டுக்கு மட்டுமில்ல, இந்த லைன்ல ஒருத்தருக்கும் கெடையாது."

"அம்மிணி, அது கோளாறும்மா."

"கோளாறுதான். எனக்கு அந்தக் கோளாறு வேணும்."

சென்னியப்பன் எறங்கிட்டாரு. ஒரு வாரம் இட்லி இல்லாம இருந்து பாருங்க, நீங்களும் எறங்குவீங்க. நான் அவ மொகத்தப் பாக்க முடியாம ஊட்டுக்கு வந்து, ரசத்துல பூண்ட நசுக்கிப் போட்டேன்.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கும்போதுதான், ஒரு நாள் பத்து மணி வாக்குல, திருப்பூர் பஸ்ஸுலருந்து அதே பையோட அவினாசியப்பன் எறங்குனாரு. அங்க சரிப்பட்டு வரலையாட்ட இருக்குது. உன்ர ஊட்டுல உன்னயாட்டவே ஒருத்தன் குடித்தனம் பண்றான்னு யாரோ வேற சொல்லியிருக்காங்க. மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. நாங்களெல்லாம் ஆகா, இப்ப ரெண்டும் ஒண்ணாயிரும், கதை முடிஞ்சுதுன்னு வேலையப் போட்டுட்டு வாசல்ல நின்னோம்.

ஒண்ணாகலீங்க. வந்தவரு மிச்சத்து மேல இடிச்சாரு, மிச்சம் நகந்து, பாத்து வாங்கன்னு சொல்லுச்சு. சென்னியப்பன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு வெவரம் சொன்னாரு. பெட்டிக்கு ஆளத் தெரியாது, அவங்கவங்க போனத்தான் தெரியும். இவரு போன மாத்திட்டதால, பெட்டி கணக்குல அவினாசியப்பன்னா பழைய போன் வெச்சிருக்கற மிச்சந்தான், வந்தவரு யாரோ புது ஒறம்பரை.

பஞ்சாயத்துப் பேக்கரியில கூடுச்சு. ஒரே பெஞ்சுல ரெண்டு அவினாசியப்பனும் உக்காந்தாங்க, துளசி எங்ககூட எட்டத்துல நின்னா. பேக்கரிக்காரர் ரெண்டு டீயும் ரெண்டு தேங்காய் பன்னும் வெச்சாரு. மிச்சம் தன்னோட பன்னுல பாதியப் பிச்சு, துளசிக்குன்னு பேப்பர்ல மடிச்சு வெச்சுக்கிச்சு. வந்தவரு ரெண்டே வாயில முழுங்கிட்டுக் கத்த ஆரம்பிச்சாரு.

"என்ர ஊட்டுல இன்னொருத்தன் இருக்கறான், நீங்கெல்லாம் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கறீங்களா?"

"இன்னொருத்தர் எங்கீங்க, நீங்கதானுங்க இருந்தீங்க" அப்படின்னாரு பேக்கரிக்காரர்.

"நான் திருப்பூர்ல இருந்தேன்."

"அங்கயும் இருந்தீங்க."

அவரு டீ கிளாச டக்குன்னு வெச்சுட்டு எந்திரிச்சாரு. சென்னியப்பன்தான் நடுவுல பூந்து, சண்டை வேண்டாம், கம்பெனிக்காரன் புது சாப்ட்வேர் ரெடி பண்ணிட்டானாம், புதன்கிழமை காத்தால தானா ஏறிக்குமாம், போனவங்க இருக்கறதாக் காட்டற கோளாறு அதோட சரியாயிரும்னு சொன்னாரு. துளசி மொகம் செத்துப் போச்சு. சென்னியப்பன் அவளப் பாத்துக் கொரலத் தாழ்த்தி, "அழுகாத அம்மிணி. மிச்சத்துக்கிட்ட இருக்கற பழைய போன வாங்கி இவரு கையில குடுத்துரு. புதுசு ஏறும்போது பெட்டி ரெண்டு பேரையும் ஒரே ஆளாச் சேத்துரும். உனக்கு முழுப் புருசன் கெடைப்பான்" அப்படின்னாரு.

முழுப் புருசன்னா, போனவரும் இருந்தவரும் கலந்து ஒருத்தரு. உப்புப் போட்டாச்சான்னு கேக்கறவரும், பெரிய பையத் தோள்ல போட்டவரும் ஒரே சட்டைக்குள்ள. துளசி ஊட்டுக்குப் போயி மாவு அரைக்க உக்காந்தா. அன்னைக்கெல்லாம் கிரைண்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

புதன்கிழமை விடிஞ்சதும் லைனே துளசி வாசல்ல நின்னுச்சு. பழைய போன் துளசி கையில இருந்துச்சு. வந்தவரு, குடு நேரமாச்சுன்னு கைய நீட்டுனாரு. மிச்சம் அவ பக்கத்துல நின்னுச்சு. துளசி நெதானமாக் கேட்டா.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னைக்குச் சித்தெ நேரத்துல வந்தர்றேன்னு சொன்னீங்களே, நெசமாலும் நெனச்சுத்தான் சொன்னீங்களா?"

அவினாசியப்பன் சுத்தி நின்ன எங்களப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. "கெளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே புள்ள. ஒரு பேச்சுக்குச் சொல்றது. அதப் போயிப் புடிச்சுக்கிட்டு."

துளசி தலையாட்டுனா. திரும்பி, அந்தப் போன மிச்சத்தோட சட்டைப் பையில போட்டா, மேல பொத்தானையும் மாட்டியுட்டா. "எது எப்படி ஆகுதோ ஆகட்டும். நீங்க நீங்களாவே போங்க" அப்படின்னு மிச்சத்தப் பாத்துச் சொல்லிட்டு, அது கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா.

தொட்டி மேல பெட்டியோட லைட்டு செவப்பாச்சு, மஞ்சளாச்சு, அணைஞ்சு போயி மறுபடி பச்சையாச்சு.

பெட்டி கொஞ்சம் வெவரமானதுதானுங்க. எல்லாரையும் ஒண்ணாச் சேத்துச்சு, ஆனா எங்க மனசு இருந்துச்சோ அங்க சேத்துச்சு. பக்கத்துத் தெருவுல இட்லியப் பிட்டு வாயில வெக்கப்போன ஆம்பளைங்க தட்டு முன்னால இருந்தே காணாமப் போயி, கையில இட்லியோட எங்க பேக்கரி பெஞ்சுல வந்து விழுந்தாங்க. ஈரோட்டுலருந்து நங்கையா ஊட்டுக்காரர் போன் பண்ணி, அவ அங்க இருக்கறாளா அம்மிணின்னு கேட்டாரு. முழுசா இங்கதானுங்க இருக்காங்கன்னு சொன்னேன். இருக்கட்டும், இருக்கட்டும், அவசரமில்லைன்னு டக்குன்னு வெச்சுட்டாரு. மவராசன் குரல்ல அப்படி ஒரு நிம்மதி.

துளசி வாசல்ல, போனவரு இருக்கறதாக் காட்டற கோளாறு சரியாச்சு. கைய நீட்டிக்கிட்டு நின்ன எடத்துல ஆளும் இல்ல, பையும் இல்ல. பெட்டி கணக்குல அவினாசியப்பன் ஒருத்தர்தான், அவரு எங்கயும் போகவே இல்ல. துளசி கண்ண மூடிக்கிட்டு நின்னிருந்தா. புடிச்ச கை அப்படியே இருந்துச்சு.

மத்தியானமா அவினாசியப்பன் திருப்பூர் பஸ்ஸ்டாண்டுல பையோட நிக்கறதாத் தகவல் வந்துச்சு. அடுத்த பஸ் புடிச்சு வந்தாரு, பாலத்துல கால வெச்சாரு, வெச்ச கால் திரும்பிப் பஸ் ஸ்டாப்புலயே நின்னுச்சு. எத்தனை வாட்டி வந்தாலும் அப்படித்தான். சென்னியப்பன் மறுபடி கம்பெனிக்காரன் போட்டிருந்ததப் படிச்சாரு. நீக்கப்பட்டவங்க திரும்பச் சேர முடியாமப் போகலாம், இதுவும் தெரிஞ்ச கோளாறுதான். மாத்துவழின்னு போட்டு, இல்லைன்னு எழுதியிருந்துச்சு.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியாப் ப்ளவுசு தைக்கப் போயிருப்பேன். ஆனா ஆடி மாசம் காத்தடிக்கற ஒரு நாள், துளசி ஊட்டுல உளுந்து தீந்து போச்சு. அவரு, இனி மிச்சம்னு சொல்லக் கூடாதுங்க, மஞ்சப் பைய எடுத்து மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வாசப்படி எறங்குனாரு. இப்ப அவரு முழு ஆளு, பாலம் அவரத் தடுக்காது. பெட்டியும் சரியாயிருச்சு, இனிப் போனாப் போனதுதான், பின்னால எதுவும் தங்காது.

"சந்தை வரைக்கும் போயிட்டு வர்றேன் துளசி. சித்தெ நேரம்."

துளசி வாசப்படி வரைக்கும் ஓடியாந்தா. ஆனா வேண்டாம்னு சொல்லல. நல்ல உளுந்தாப் பாத்து வாங்குங்கன்னு மட்டும் சொன்னா. நானும் அவளும் பாலத்து வரைக்கும் நடந்தோம். அவரு பாலத்த அந்தப் பக்கம் தாண்டுனாரு, பஸ் ஏறுனாரு. திரும்பிப் பாக்கல. இவரு ஏண்டி திரும்பிப் பாக்கலைன்னு துளசி என்னக் கேட்டா. ஒரு பஸ் வந்துச்சு, எறங்குனது வேற யாரோ. இன்னொண்ணு வந்து நிக்காமயே போச்சு. அவ பாலத்துக் கட்டையில உக்காந்து, முந்தானை நுனிய முறுக்கிக்கிட்டே இருந்தா. நான் என்னென்னமோ பேசிப் பாத்தேன், ஒண்ணும் அவ காதுல ஏறல.

அப்புறம் வந்த பஸ்ஸுல அவரு எறங்குனாரு. பை நெறைய உளுந்து, சட்டையெல்லாம் வேர்வை.

"எதுக்குத் திரும்பிப் பாக்கறது" அப்படின்னாரு, ஏன் திரும்பிப் பாக்கலைன்னு நான் கேட்டதுக்கு. "வரத்தானே போறேன்."

துளசி பைய வாங்கிக்கிட்டா. ஊட்டுக்குப் போகாம நேராத் தொட்டியடிக்குப் போனா. குனிஞ்சு, அந்தப் பேட்டரியோட ஒயர ஒண்ணொண்ணாக் கழட்டுனா. கழட்டுன பேட்டரியத் தூக்க மாட்டாமத் தூக்கிக்கிட்டுப் போயி, விளக்குக்கு வெச்சுக்குங்கண்ணான்னு பேக்கரிக்காரருக்குக் குடுத்துட்டா.

அன்னைக்கு மத்தியானமே கரண்ட் போச்சு. பெட்டியோட லைட்டு அணைஞ்சுது. நான் மிஷின உட்டுட்டு துளசி ஊட்டுக்கு ஓடுனேன். அவ உள்ள இருட்டுல சோத்துக்கு அரிசி கழுவிக்கிட்டு இருந்தா. அவரு வாசப்படியில முறத்த வெச்சு உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தாரு.

"கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது துளசி" அப்படின்னாரு.

"போனாப் போகுதுங்க" அப்படின்னு உள்ளருந்து அவ சொன்னா.